வடக்குப் பார்த்த சன்னல்கள்

எனக்கு ஏலக்காய் வாசம் பிடிக்காது. ஏலக்காய்க்குப் பேர்போன போடியில் இருந்துகொண்டு ஒருத்தி இப்படிச் சொன்னால் ஊரில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். பாயசத்தில் கிடந்தால் எடுத்து ஓரமாக வைத்துவிடுவேன். டீயில் தட்டிப் போடுகிற கடைப் பக்கமே போகமாட்டேன். சின்ன வயதில் இப்படி இல்லை. போடிக்குப் பக்கத்தில் ராசிங்காபுரத்தில் எங்கள் வீட்டில் கல்யாணம் காட்சிக்கு மட்டுமே வாங்குகிற பொருள் அது. ஒரு காயை உடைத்து நாலு பேர் தின்றிருக்கிறோம். பிடிக்காமல் போனது நான் வேலைக்கு வந்த பிறகுதான். அதற்குக் காரணம், நானே வாய்விட்டுக் கேட்டு வாங்கிய ஒரு பள்ளிக்கூடம்.

ஐம்பதுகளின் நடுவில் ஆசிரியப் பயிற்சி முடித்து, போடியிலிருந்து மலைமேல் மெட்டுக்கு ஏறுகிற ரோட்டோரம், மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிற்றூருக்கு டீச்சராகப் போனேன். போடியில் ஒரு வாடகை அறை. தினமும் காலையில் நடந்து போய்ச் சாயங்காலம் நடந்து வருவேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை அங்கே நான் ஒருத்திதான். ஊர் ஆண்களில் பாதிப் பேர் மேலே ஏலத் தோட்டங்களில் வேலை பார்த்தார்கள். மேலேயே காயவைத்து மூட்டையாக இறங்கி வரும் ஏலக்காயைச் சுளகு என்கிற முறத்தில் கொட்டி, பச்சை மாறாத நல்ல காய், வெளுத்த காய், வெடித்த காய் என்று பிரித்துப் பொறுக்குவது பெண்களின் வேலை. ஊர் நடுவில் இருந்த ஒரு வியாபாரியின் சரக்குக் கிடங்கில், எங்கள் பேச்சில் கிட்டங்கியில், அந்த வேலை நடந்தது. அதே கிட்டங்கியின் பின்பக்கம், பழைய சாக்குகளைப் போட்டுவைக்கிற அறையில் என் பள்ளிக்கூடம் நடந்தது.

அந்த அறைக்கு ஒரு வாசல் உண்டு, சன்னல் கிடையாது. வாசலை ஒட்டிக் கரும்பலகையைச் சாத்தியிருந்தேன். முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளுக்கு எழுத்து தெரியும். நடுவில் உள்ளவர்கள் கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அதற்குப் பின்னால் இருந்தவர்களைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. யார் முன்னால், யார் பின்னால் என்பதை எனக்கு முன்பே ஊர் தீர்மானித்து வைத்திருந்தது. வந்த புதிதில் அதை மாற்றப் பார்த்தேன். மறுநாள் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வாயை மூடிக்கொண்டு பழையபடி உட்காரவைத்தேன்.

கடைசி வரிசையில், சாக்குக் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் உட்காருவாள். அவளுடைய அம்மா அந்தக் கிட்டங்கியில்தான் காய் பொறுக்கினாள். அப்பா இல்லை. அந்தப் பெண்ணுக்குப் பலகையில் எழுதியதைப் பார்த்து எழுதக்கூட வராது. சிலேட்டில் ஏதோ கிறுக்கிக் கொண்டுவந்து நீட்டுவாள். விரலை மடக்கச் சொல்லி முட்டியில் அடித்திருக்கிறேன். மக்கு என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். நாலாம் வகுப்பிலேயே இரண்டு வருஷம் உட்காரவைத்துவிட்டு, மூன்றாம் வருஷம் பாவம் போனால் போகட்டும் என்று ஐந்தாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. எல்லாம் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளைத் தள்ளிவிட்டதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் பள்ளிக்கூடங்களைச் சீர்திருத்துவது என்கிற பேச்சு ஊர் ஊராகக் கிளம்பியிருந்தது. சர்க்கார் வந்து செய்யட்டும் என்று காத்திருக்காமல், தங்கள் பள்ளிக்கு என்ன வேண்டும் என்று ஊர்க்காரர்களே பார்த்துக் கொடுக்க வேண்டும். கூட்டம் போட்டு, பந்தலுக்கு அடியில் டீச்சரை நிறுத்திப் பட்டியல் வாசிக்கச் சொல்வார்கள். ஒவ்வொருத்தராக எழுந்து நான் இதைத் தருகிறேன், நான் அதைத் தருகிறேன் என்பார்கள். கொடுத்த பொருளின் மேல் 'உபயம்' என்று போட்டுப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிவிடுவார்கள். தேவாரம் பக்கம் ஒரு பள்ளிக்கு மூன்று சுவர்க் கடிகாரம் கிடைத்ததாம். மூன்றும் மூன்று நேரம் காட்டுமாம். எங்கள் ஊரிலும் கடிகாரம் தருவதற்குத்தான் ஆள் தயாராக இருந்தது.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "கடிகாரம் வேண்டாம்யா. மணி என்னன்னு பாக்குறதுக்கு மொதல்ல அங்க வெளிச்சம் வேணும். அந்த இருட்டுல எருமைகூட அசை போடாது. எங்களுக்கு ஒரு அறை கட்டிக் குடுங்க. பெரிய பெரிய சன்னலா வெச்சுக் கட்டிக் குடுங்க" என்றேன். கூட்டம் சிரித்தது. அந்த வியாபாரி எழுந்தார். ஐம்பது வயதிருக்கும், நிதானமான மனிதர். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

"வெளிச்சந்தான கேக்குறீக டீச்சரம்மா? குடுத்துருவோம். எடமும் கல்லும் என்னோடது. கை வேலைய ஊரு பாக்கட்டும்" என்றார்.

ஊர் பார்த்தது. மலையிலிருந்து இறங்குகிற நாட்களில் ஆண்கள் வந்து அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். பெண்கள் காய் பொறுக்கி முடித்த கையோடு ஓடையிலிருந்து மணல் சுமந்தார்கள். கடைசி வரிசைப் பெண்ணின் அம்மாவும் சுமந்தாள். அந்த இரண்டு மாதம்போல நான் சந்தோஷமாக இருந்த காலம் என் வாழ்க்கையில் குறைவு.

கட்ட வந்த கொத்தனார் ஆயுசு முழுக்கக் கிட்டங்கி கட்டியே பழகியவர். பள்ளிக்கூடம் கட்டுவது இதுதான் முதல் தடவை. சன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று கேட்டேன்.

"கெழக்க வெச்சா காலையில கண்ணு கூசும் டீச்சரம்மா. மேக்க வெச்சா சாயங்காலம் கூசும். வடக்க வெச்சுப்புட்டா நாள் முச்சூடும் ஒரே மாதிரி வெளிச்சம் நிக்கும். வெயிலும் உள்ள விழாது. நெறம் பிசகாமத் தெரியும்" என்றார்.

எந்த நிறம் என்று நான் கேட்கவில்லை. எழுத்தைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். ஈரம் ஏறாதபடி தரையை இடுப்பளவு உயர்த்தினார். சிமெண்டை வழவழப்பாகத் தேய்த்துவிட்டார். கூரைக்குக் கீழே காற்று வர வரிசையாகத் துளைகள் விட்டார். வடக்குச் சுவரில் ஆறு சன்னல். எவ்வளவு ஞானமுள்ள மனிதர் என்று வியந்து அவருக்கு வேஷ்டி துண்டு வாங்கிக் கொடுத்தேன். அந்த மனிதர் தனக்குத் தெரிந்ததைத்தான் கட்டிக்கொடுத்தார். அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனி மாதம் புது அறைக்குப் போனோம். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, ஐந்தாம் வகுப்புக்குப் பலகையில் நாலு வரி எழுதிவிட்டுச் சின்னப் பிள்ளைகள் பக்கம் திரும்பியிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் அந்த நாலு வரியையும் வாசித்தது. தட்டுத் தடுமாறித்தான் வாசித்தது, ஆனால் ஓர் எழுத்து தப்பவில்லை. யாருடி அது என்று திரும்பினேன். மூன்றாவது சன்னலுக்குக் கீழே அவள் எழுந்து நின்றாள். அடி விழும் என்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

"இத்தன நாளா ஏண்டி வாசிக்கல?"

"அங்கன இருந்து பாத்தா பலகையில ஒண்ணுமே இருக்காது டீச்சர்."

"அத ஏண்டி சொல்லல?"

"எல்லாருக்கும் அப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

அன்றைக்குச் சாயங்காலம் போடிக்கு நடந்து போகிறபோது ரோட்டிலேயே அழுதேன். எதிரே வந்த ஜீப்பு டிரைவர் நிறுத்தி, என்னம்மா ஆச்சு என்று கேட்டார். கண்ணில் தூசி என்றேன். அவள் முட்டியில் நான் அடித்த அடியெல்லாம் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது. இதற்கு ஒரே பரிகாரம்தான் உண்டு, அவளை ஐந்தாம் வகுப்புப் பரீட்சையில் தேறவைத்துப் போடியில் ஆறாம் வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த ஊரிலிருந்து எந்தப் பெண்ணும் ஆறாம் வகுப்புக்குப் போனதில்லை.

அவளுடைய அம்மாவிடம் போய்ச் சொன்னேன். போடியில் என் அறையிலேயே தங்கிப் படிக்கட்டும் என்றும் சொன்னேன். அவள் கையிலிருந்த சுளகைக் கீழே வைத்தாள். பிறகு, "படிக்கட்டும் டீச்சரம்மா. எனக்குத்தான் கண்ணு கொஞ்சம் கொஞ்சமா மங்கிக்கிட்டு வருது. அதுக்குள்ள அவ ஒரு ஆளாயிட்டாப் போதும்" என்றாள். நான் அவள் சரி என்றதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஆனி, ஆடி, ஆவணி, புரட்டாசி. நாலு மாதம். அந்தப் பெண் இரண்டு வருஷத்தையும் சேர்த்து விழுங்கினாள். கணக்கில் எனக்கே சந்தேகம் வருகிற இடத்தில் கையைத் தூக்குவாள். ஆடிக் காற்று மலையிலிருந்து இறங்கி ஆறு சன்னல் வழியாகவும் வந்து புத்தகத்தைப் புரட்டும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் தாளைக் கையால் அமுக்கிக்கொள்வார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கும்.

ஐப்பசியில் அடைமழை. கிட்டங்கி ஓடு உடைந்து ஒழுகிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் வியாபாரி வந்தார். செருப்பை வெளியே கழற்றிவிட்டு, உள்ளே வராமல் படியிலேயே நின்றார்.

"ஆத்தா, ஒரு ஒத்தாச வேணும். காயி நனையிது. ஈரம் ஏறுனா கருத்துப் போகும். சனி ஞாயிறு ரெண்டே நாளு இங்கன வெச்சுப் பொறுக்கிக்கிறோம். ஒனக்கும் லீவுதான? இல்லாட்டி இந்தப் பொம்பளைகளுக்கும் சோலி இல்லாமப் போகும்."

அவருக்குப் பின்னால் மழையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் நின்றார்கள். எல்லாரும் என் பிள்ளைகளின் அம்மாக்கள். சாவியை நான்தான் கொடுத்தேன். யாரும் என் கையை முறுக்கவில்லை.

திங்கள்கிழமை போனபோது அறை கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக இருந்தது. வாசம் மட்டும் போகவில்லை. சிலேட்டு, புத்தகம், பிள்ளைகளின் தலைமுடி எல்லாம் ஏலக்காயாக மணத்தது. வியாபாரி வந்து நன்றி சொன்னார். இந்தத் தடவை உள்ளே வந்து, சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இந்த வெளிச்சத்துல ஒரு காய் தப்பாது ஆத்தா. போடியிலேயே இப்பிடி ஒரு எடம் கெடையாது" என்றார். என்னைப் பாராட்டுகிறார் என்று நினைத்துப் பூரித்துப் போனேன். என்னைப் போல ஒரு முட்டாள் அந்த வட்டாரத்தில் இருந்திருக்கமாட்டாள்.

அடுத்த வாரமும் சாவி கேட்டார். அதற்கடுத்த வாரம் மூட்டைகளைத் திரும்ப எடுத்துப் போக மழை விடவில்லை என்று சுவரோரம் அடுக்கி வைத்தார்கள். பிறகு வெள்ளிக்கிழமை மத்தியானமே சுளகுகள் வந்தன. பிறகு வியாழக்கிழமை. பெண்கள் ஒரு பாதியிலும் பிள்ளைகள் ஒரு பாதியிலும் உட்கார்ந்தோம். காய் களவு போகாமலிருக்க வாசலில் ஒருவனை நிறுத்தினார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் டவுசர்ப் பையையும் பாவாடை மடியையும் உதறிக் காட்டிவிட்டுப் போக வேண்டும். ஒருநாள் அவன் என் பையையும் கேட்டான். "கைய வெச்சுப் பாருடா, ஒடச்சுப்புடுவேன்" என்று கத்தினேன். அவன் பயந்து விலகினான். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கார்த்திகையில் ஓடு மாற்றிவிட்டார்கள். மழையும் நின்றது. ஆனால் ஒரு மூட்டைகூட நகரவில்லை. சண்டைக்குப் போனேன். வியாபாரி கோபித்துக்கொள்ளவே இல்லை.

"கட்டடம் ஊரோடது ஆத்தா. நான் யாரு? ஊரக் கேளு" என்றார்.

ஊரைக் கேட்டேன். பொறுக்குகிற பெண்களைச் சுற்றி உட்காரவைத்து, உங்கள் பிள்ளைகளுக்காகக் கட்டியது, நீங்கள் மண் சுமந்தது என்றெல்லாம் பேசினேன். ஒருத்தி குனிந்த தலை நிமிராமல் கேட்டாள்: "திரும்பவும் எங்கள அந்த இருட்டுக்குள்ள போய் அடையச் சொல்றீகளா டீச்சரம்மா?" பிள்ளைகள் சாக்கு அறையில் உட்கார்ந்திருந்த காலமெல்லாம், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இவர்களும் அதே இருட்டில்தான் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் நான் வெளிச்சம் கேட்டபோது அவர்களுக்கு என்று ஒரு சன்னல்கூடக் கேட்கவில்லை. எனக்குத் தோன்றவே இல்லை.

மார்கழியில் பள்ளி ஆய்வாளர் வருகிறார் என்று தகவல் வந்தது. முதல் நாளே மூட்டைகளை எடுத்து, தரையைக் கழுவி, எங்களை உள்ளே உட்காரவைத்தார்கள். அவர் நல்ல மனிதர். சன்னல்களைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். அந்தப் பெண்ணை வாசிக்கச் சொன்னேன். அவள் நின்று, கடகடவென்று ஒரு பாடம் முழுவதையும் வாசித்தாள். வெளிச்சமும் காற்றும் மிகவும் நன்றாக உள்ளன என்று பார்வைப் புத்தகத்தில் எழுதினார். ஏதாவது குறை உண்டா என்று என்னைக் கேட்டார். வியாபாரி பக்கத்தில் நின்றார். அதைக்கூட நான் பொருட்படுத்தியிருக்கமாட்டேன். சன்னலுக்கு வெளியே பெண்கள் சுளகும் கையுமாக நின்று என்னைப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை சார் என்றேன். அவர் ஏறிய வண்டி ரோட்டைத் தாண்டுவதற்குள் முதல் மூட்டை உள்ளே வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு எதிர்த்துப் பேச வாய் இல்லாமல் போயிற்று. பொங்கலுக்கு முன்பே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழைய சாக்கு அறைக்கே திரும்பினேன். பலகையை வாசலை ஒட்டிச் சாத்தினேன். முன்னால் உட்கார்ந்தவர்கள் முன்னாலும் பின்னால் உட்கார்ந்தவர்கள் பின்னாலும் போய் உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை அந்தப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்து முதல் வரிசையில் உட்காரவைத்தேன். ஊர் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்றிருந்தேன். ஊர் ஒன்றும் செய்யவில்லை. ஆனால் பத்து நாளில் அவளே வராமல் போனாள்.

வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா அடுப்படியில் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கல்லைக் கண்ணால் பார்த்து எடுக்காமல் விரலால் தடவித் தேடினாள்.

"எங்க, அவளக் காணோம்?"

"பள்ளிக்கூடத்துலதான் இருக்கா டீச்சரம்மா."

"நான் அங்கேருந்துதான வர்றேன்?"

"புதுப் பள்ளிக்கூடத்துல" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள், தனக்குப் பச்சைக் காயும் வெளுத்த காயும் ஒன்றாகத் தெரிய ஆரம்பித்துவிட்டதாம். கலந்து போட்ட சுளகை மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டு, நாலாவது தடவை ஆளையே நிறுத்திவிட்டார்களாம். "எம் புள்ளைக்கு நல்ல கண்ணு, டீச்சரம்மா. வெரசாப் பொறுக்குறா. மொதலாளியே சொல்றாரு." அதைச் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பங்குனியில் பரீட்சை வந்தது. அதை எழுதாவிட்டால் ஆறாம் வகுப்பு கிடையாது. அந்த வாரம் ஒரு மத்தியானம் புதுக் கட்டடத்துக்குள் போனேன். ஆறு சன்னலுக்கும் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது சன்னலுக்கு அடியில், எப்போதும் உட்காருகிற இடத்திலேயே அவள் இருந்தாள். சுளகில் குனிந்திருந்தாள். விரல்கள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடின. நான் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மூணே நாளு வாடி. பரீட்சைய மட்டும் எழுதிரு. மத்தத நான் பாத்துக்கிறேன். மொதலாளிகிட்ட நான் பேசுறேன்."

"நான் வந்துட்டா இந்தச் சொளக யாரு பாக்குறது டீச்சர்?"

"அப்ப ஆறாம் வகுப்பு?"

அவள் சுளகிலிருந்து நிமிர்ந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். நான் அழுதுவிடுவேன் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். என்னைத் தேற்றுவதற்காக, ரொம்ப அக்கறையாகச் சொன்னாள்:

"வெசனப்படாதீக டீச்சர். அந்தப் பழைய கிட்டங்கியில இருட்டுல பொறுக்கிப் பொறுக்கித்தான் எங்கம்மாவுக்குக் கண்ணு போச்சாம். எனக்கு அப்பிடிப் போகாது. நீங்கதான் சன்னல் வெக்கச் சொல்லிட்டீகள்ல?"

சொல்லிவிட்டு ஒரு வெடித்த காயை எடுத்துத் தனியே போட்டாள். நான் எழுந்து வெளியே வந்தேன். வாசலில் நின்றவன் என் பையைப் பார்த்தான், ஆனால் கேட்கப் பயந்துகொண்டு நின்றான். நானே திறந்து காட்டிவிட்டு நடந்தேன்.